ஸ்ட்ரோட்ஸி மாளிகைத் திண்ணையிலிருந்து

அன்புள்ள கண்ணனுக்கு,

ஊர் வந்து ஒரு வாரம் ஆகிவிட்டது. மனசு மட்டும் இன்னும் ஃப்ளாரன்ஸில்தான் இருக்கிறது. நீ வேலைக்குப் போயிருந்த அன்று ஸ்ட்ரோட்ஸி மாளிகை வாசலில் வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். சுவரை ஒட்டியே கல் திண்ணை ஓடுகிறது. சாய்ந்தால் கல்லின் புடைப்பு முதுகில் தெரியும். மேலே போகப் போக அந்தப் புடைப்பு தணிந்துகொண்டே போகிறது. குதிரை கட்ட இரும்பு வளையங்கள், மூலையில் இரும்பு விளக்கு. விளக்கு செய்த கொல்லர் நிக்கோலோ முன்பணம் வாங்காமல் வேலையைத் தொடமாட்டாராம். அதனால் 'கப்பாரா', அதாவது அச்சாரம் என்றே அவருக்குப் பெயர் வந்துவிட்டது.

ஆனால் நான் அங்கேயே உட்கார்ந்துவிட்டது அந்த மாளிகையைக் கட்டிய ஃபிலிப்போவின் அம்மா அலெஸ்ஸாண்ட்ராவை நினைத்துத்தான். ஊரில் எதிர்க்கட்சியான மெடிசி குடும்பத்தின் கை ஓங்கியதும் 1434ல் அவர் கணவரை ஊரைவிட்டுத் துரத்தினார்கள். அடுத்த வருஷமே அவர் இறந்துபோனார். பிள்ளைகள் பிழைப்புக்கு நேப்பிள்ஸ் போனார்கள். பிறகு அவர்களும் ஊருக்குள் வரக்கூடாது என்று தடை. அம்மா கடிதம் எழுதிக்கொண்டே இருந்தார். எழுபதுக்கு மேல் இன்றும் இருக்கின்றன. மூத்தவன் ஃபிலிப்போவுக்குப் பெண் தேடிய 1465ல், விடியற்காலைப் பூசைக்குப் பெரிய தேவாலயம் போய், ஒரு பெண்ணுக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்து ஏற இறங்கப் பார்த்ததை அவனுக்கு எழுதியிருக்கிறார். படித்தபோது எனக்குச் சிரிப்பும் வந்தது, கண்ணும் கலங்கியது. கடைக்குட்டி மத்தேயோ 1459ல் நேப்பிள்ஸிலேயே இறந்தான். கடைசியாக ஒரு முறை முகம் பார்க்கக்கூட அவருக்குக் கொடுத்துவைக்கவில்லை.

தடை நீங்கி 1466ல் ஃபிலிப்போ திரும்பினான். அம்மா 1471ல் போய்விட்டார். மாளிகைக்கு அஸ்திவாரம் போட்டது 1489 ஆகஸ்ட் 6, சோதிடர் குறித்த நேரத்தில், சூரியன் எழும்போது. ஊர்க்காரர் ஒருவர் தன் சின்ன மகனைக் கூட்டிவந்து, குழிக்குள் தான் ஒரு காசு போட்டு, அவனை ரோஜாப் பூ போடச் சொன்னாராம். இது உனக்கு ஞாபகம் இருக்குமா என்று கேட்டதற்கு, இருக்கும் என்றானாம் பையன்.

ஃபிலிப்போவும் 1491ல் இறந்துவிட்டான். வேலை 1538 வரை இழுத்தது. அப்போதும் உச்சியில் க்ரோனாகா என்ற கட்டடக் கலைஞர் அமைத்த பெரிய கார்னிஸ், அதாவது கூரையோரம் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் கல் விளிம்பு, முழுதாகச் சுற்றி வரவில்லை. அது எந்த இடத்தில் நின்றுபோகிறது என்று பார்க்காமலே வந்துவிட்டேன். அந்தப் பக்கம் போனால் ஒரு படம் எடுத்து அனுப்பு. அப்புறம், படத்தோடு நாலு வரி எழுது.

அம்மா