திட்டு வண்ணம் பற்றி நண்பனுக்கு எழுதியது

தண்டையார்பேட்டை,
சென்னை.

அன்புள்ள நண்பனுக்கு,

நலம், நலமறிய ஆவல். உன் கடிதம் சென்ற வாரம் கிடைத்தது. பேத்திக்குக் காது குத்திய செய்தி அறிந்து வீட்டில் எல்லோருக்கும் மகிழ்ச்சி. அது பற்றி என் மனைவி உன் வீட்டாரிடம் தொலைபேசியில் விரிவாகவே பேசிவிட்டாள் என்பதால், நீ என்னிடம் கேட்டிருந்த விஷயத்துக்கு நேராக வந்துவிடுகிறேன். இரண்டாம் உலகப்போரில் பறந்த ஜெர்மானியச் சண்டை விமானமான மெசர்ஷ்மிட் பி.எஃப். 109 ஜி-6-இன் பிளாஸ்டிக் மாதிரியை 1/48 அளவில் ஒட்டி முடித்து, அடிவண்ணமும் மேல்பக்கத்துச் சாம்பல் நிறங்களும் அடித்துவிட்ட பிறகு, உடல்பகுதியின் இரு பக்கங்களிலும் வரவேண்டிய திட்டுகளை மட்டும் அடிக்கத் துணியாமல் வைத்திருப்பதாக எழுதியிருந்தாய். இதுவரை செய்த வேலையை எல்லாம் கால் மணி நேரத்தில் கெடுத்துவிடக்கூடிய கட்டம் அது என்பதால், நீ பொறுத்திருந்து கேட்டது எனக்குச் சரியென்றே படுகிறது.

வியாசர்பாடிப் பட்டறையில் நாம் இருவரும் கார்களுக்கு வண்ணம் அடித்த காலத்துக் கைப்பழக்கம் இந்த வேலைக்கு ஓரளவு உதவும், ஓரளவு தடையாகவும் நிற்கும். அங்கே காற்றழுத்தத்தை 40 பி.எஸ்.ஐ.க்கு (சதுர அங்குலத்துக்கு 40 பவுண்டு) மேல் வைத்து, துப்பாக்கியை முக்கால் அடி தள்ளிப் பிடித்து, கதவு முழுவதும் ஒரே சீராக வண்ணம் படியும்படி கையை ஓட்டினோம். எங்கேயும் திட்டு விழக்கூடாது என்பதுதான் அந்தத் தொழிலின் முதல் பாடம். இங்கே திட்டு விழவேண்டும். அதன் ஓரம் மங்கிக் கரையவேண்டும். ஒன்றைப்போல் மற்றொன்று இருக்கக்கூடாது. கண் அதே கண்தான் என்றாலும், கை வேறு கணக்கைக் கற்றுக்கொள்ள வேண்டியிருக்கிறது.

முதலில், அந்தத் திட்டுகள் எதற்காக வந்தன என்பதை மனத்தில் இருத்திக்கொள். 1940-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் ஜெர்மானியச் சண்டை விமானங்களின் பக்கங்கள் பெரும்பாலும் வெளிர்நீலமாகவே இருந்தன. அந்தக் கோடையில் ஆங்கிலக் கால்வாயின்மேல் சண்டை மூண்டபோது அந்த வெளிறிய பக்கங்கள் தூரத்திலிருந்தே கண்ணில் பட்டன. ஆகவே, படைப்பிரிவுகளில் இருந்தவர்கள் கையில் கிடைத்த சாம்பலையும் பச்சையையும் கொண்டு அவற்றை மங்கச் செய்தார்கள். சில இடங்களில் தெளிப்பானால் அடித்தார்கள், சில இடங்களில் தூரிகையாலும் துணியாலும் ஒற்றினார்கள். பிறகு 74, 75, 76 என்ற எண்களைக் கொண்ட சாம்பல் நிறங்கள் வழக்கத்துக்கு வந்தபோது, வெளிர்நீலச் சாம்பலான 76-இன் மேல், 02 என்ற பழைய பச்சைச் சாம்பலிலும் 74, 75 ஆகிய நிறங்களிலும் திட்டு அடிப்பது 109 ஜி வகை விமானங்களில் சாதாரணமாகிவிட்டது. மேலே முதுகின் கருமைக்கும் கீழே வயிற்றின் வெளிர்நிறத்துக்கும் நடுவில் கண்ணுக்கு ஒரு கோடு தென்படக்கூடாது, அந்த இடம் தானாகவே கரைந்து இறங்கவேண்டும் என்பதே அதன் நோக்கம். இதை மறந்துவிட்டால் திட்டுகள் வெறும் அலங்காரமாகிவிடும். போட்டிகளுக்கு வரும் பல மாதிரிகளில் நான் காணும் குறை இதுதான். திட்டு ஒவ்வொன்றும் அழகாகத்தான் இருக்கிறது, ஆனால் எல்லாம் ஒரே அளவில், ஒரே இடைவெளியில், முதுகிலிருந்து வயிறுவரை ஒரே அடர்த்தியில் நிற்கின்றன. அப்படிப்பட்ட விமானத்தைப் பார்த்ததும் திட்டுகள்தான் கண்ணில் படுகின்றன, விமானம் மறைவதில்லை.

ஆகையால், ஏர்பிரஷை, அதாவது பேனாபோல் பிடித்து வண்ணம் தெளிக்கும் சிறு கருவியை, கையில் எடுப்பதற்கு முன் புகைப்படத்தை எடுத்து வை. மாதிரியின் பாகங்கள் அடங்கிய பெட்டியுடன் வரும் வண்ணப்படத்தை நம்பாதே. அதை வரைந்தவர் திட்டுகளைத் தெளிவாகக் காட்டவேண்டும் என்பதற்காக ஓரங்களைக் கூர்மையாக்கிவிடுவார். நீ கட்டும் அந்த ஒரே விமானத்தின் கறுப்பு வெள்ளைப் படம் கிடைத்தால், அதில் மூன்று விஷயங்களை மட்டும் பார்த்தால் போதும். விமானி அறைக்குப் பின்னால் திட்டுகள் ஒன்றோடொன்று சேர்ந்துவிடுகின்றனவா, குறியீட்டுச் சிலுவையைச் சுற்றி வண்ணம் விலகி நிற்கிறதா, வாலின் செங்குத்துப் பகுதியில் அடர்த்தி கூடுகிறதா குறைகிறதா என்பவையே அவை. இவற்றை ஒரு தாளில் பென்சிலால் மெல்லத் தீட்டிப் பார்த்துக்கொள். அப்படித் தீட்டும்போதே, அந்தத் திட்டுகள் வட்டங்கள் அல்ல, பெரும்பாலும் நெளிந்தும் நீண்டும் கிடக்கும் மேகத்துண்டுகள் என்பது உனக்கே விளங்கிவிடும். வட்டம் வேண்டுமென்றால் இத்தாலியரின் மக்கி சி. 202 விமானத்தைக் கட்டலாம். மணல் நிறத்தின்மேல் பச்சையில் புகைவளையங்கள்போல் அடித்திருப்பார்கள், அது தனி வித்தை. ஜப்பானியரின் கி-61 விமானத்தில், வண்ணமே பூசாத உலோகத்தின்மேல் கரும்பச்சைத் திட்டுகளை அடித்தது இன்னொரு வகை. உன்னுடையது இவை இரண்டும் அல்ல.

அடுத்தது அளவுக் கணக்கு. உண்மையான விமானத்தில் ஒரு திட்டு 30 செ.மீ. அகலம் என்று வைத்துக்கொண்டால், 1/48-இல் அது 6 மி.மீ.க்குச் சற்றே அதிகம். அதன் ஓரத்தில் வண்ணம் மங்கிக் கரையும் பகுதி 5 செ.மீ. என்றால், உன் மாதிரியில் அது வெறும் 1 மி.மீ. இந்த ஒரு மில்லிமீட்டரில்தான் வேலை முழுவதும் அடங்கியிருக்கிறது. ஓரம் அதைவிட அகன்றுவிட்டால் திட்டு பஞ்சுப்பொதியாகிவிடும். அறவே இல்லாமல் போனால் காகிதத்தை வெட்டி ஒட்டியதுபோல் நிற்கும்.

அந்த ஓரத்தைப் பெறுவதற்கு வண்ணத்தின் நீர்மை, காற்றின் அழுத்தம், ஏர்பிரஷின் உள்ளே வண்ணத்தை அடைத்துத் திறக்கும் ஊசியின் திறப்பு, வண்ணம் வெளிவரும் மூக்கின் தூரம் ஆகிய நான்கும் ஒன்றுக்கொன்று ஒத்துப்போகவேண்டும். தூரத்தைக் குறைத்தால்தான் சிறு திட்டு விழும். ஆகவே மூக்கை ஒன்றரை செ.மீ. வரை அருகில் கொண்டுபோக வேண்டும். அவ்வளவு அருகில் வழக்கமான 20 பி.எஸ்.ஐ. காற்று வீசினால், விழுந்த வண்ணம் காயுமுன் நாலாபக்கமும் ஓடிச் சிலந்திக்கால்கள்போல் கிளைவிடும். எனவே அழுத்தத்தை 10 அளவுக்குக் குறைக்கிறோம். குறைந்த அழுத்தத்தில் கெட்டியான வண்ணம் தூளாகச் சிதறாமல் பொட்டுப் பொட்டாகத் தெறிக்கும் என்பதால், வண்ணத்தை நன்றாக நீர்க்கச் செய்கிறோம். நீர்த்த வண்ணம் எளிதில் ஓடும் என்பதால், ஊசியை மயிரிழை அளவே பின்னுக்கு இழுக்கிறோம். இந்த வரிசையை மனத்தில் வைத்துக்கொண்டால், எது தவறினாலும் எங்கே சரிசெய்வது என்பது தெரிந்துவிடும். சிலந்திக்கால் விழுந்தால் திறப்பையோ அழுத்தத்தையோ குறைக்கவேண்டும். புள்ளி தெறித்தால், வண்ணத்தை நீர்க்கச் செய்யும் திரவமான தின்னரை இன்னும் கொஞ்சம் சேர்க்கவேண்டும். ஒன்றுமே வராவிட்டால் ஊசியின் நுனியில் வண்ணம் காய்ந்து அடைத்திருக்கிறது என்று பொருள்.

கலவையைப் பொறுத்தவரை, சீக்கிரம் ஆவியாகிக் காயும் லாக்கர் வண்ணம் ஒரு பங்குக்கு இரண்டு முதல் மூன்று பங்கு தின்னர் சேர்ப்பது என் வழக்கம். கிண்ணத்தின் ஓரத்தில் ஏற்றிவிட்டால் நீர்மோர்போல் மெல்லிய திரையை விட்டுக்கொண்டு இறங்கவேண்டும். மிஸ்டர் கலர் என்ற ஜப்பானிய நிறுவன வண்ணங்களில் 36, 37, 117 என்ற எண்ணுள்ள புட்டிகள் முறையே 74, 75, 76 நிறங்களுக்கு உரியவை. அவர்களுடைய லெவலிங் தின்னரில் வண்ணம் காய்வதைத் தாமதப்படுத்தும் பொருளும் கலந்திருப்பதால், ஊசிநுனி சீக்கிரம் அடைபடுவதில்லை. விலை கூடுதல்தான், ஆனாலும் இந்த வேலைக்கு நான் வேறெதையும் தொடமாட்டேன். பட்டறைப் பழக்கத்தில், கார் வண்ணத்துக்குச் சேர்க்கும் என்.சி. (நைட்ரோசெல்லுலோஸ்) தின்னர் வாங்கிக் கலந்துவிடாதே. அது தகரத்துக்கு ஏற்றது, பிளாஸ்டிக்கின் மேற்பரப்பை அரித்துவிடும். லாக்கர் எதுவானாலும் ஜன்னல் பக்கம் விசிறியை வெளிநோக்கி ஓடவிட்டு, ரசாயன ஆவியைத் தடுக்கும் வடிகட்டி பொருத்திய முகமூடியை அணிந்துகொண்டு அடி. பட்டறையில் மூக்கில் கைக்குட்டையைக் கட்டிக்கொண்டு அடித்தவர்கள் பிற்காலத்தில் பட்ட பாடு நமக்குத் தெரியும்.

கையின் வேலை இப்படி. முதலில் டிரிக்கரை அழுத்திக் காற்றை மட்டும் விடு. காற்று ஓடிக்கொண்டிருக்கும்போதே மூக்கைத் திட்டு வரவேண்டிய இடத்துக்குக் கொண்டுபோய், டிரிக்கரை மெல்லப் பின்னுக்கு இழுத்து, உள்ளே தொடங்கி வெளிநோக்கிச் சின்னதாக நெளித்து, வண்ணத்தை நிறுத்திய பிறகே காற்றை நிறுத்து. வண்ணத்தைத் திறந்துவைத்துக்கொண்டு காற்றை மட்டும் நிறுத்தினால், நுனியில் தேங்கும் துளி அடுத்த முறை அப்படியே தெறித்து விழும். முதல் சுற்றில் விழும் திட்டு கண்ணுக்கு அரைகுறையாகத்தான் தெரியவேண்டும். விமானத்தை விளக்கின்கீழ் சாய்த்துப் பார்த்தால்தான், 76-இன் மேல் ஏதோ நிழல் படிந்திருப்பது புலப்படவேண்டும். ஒரு பக்கம் முழுவதும் இந்த நிழல்களைப் பரப்பிவிட்டு, மறுபக்கத்தையும் முடித்துவிட்டு, மீண்டும் முதல் பக்கத்துக்கு வந்து முதுகை ஒட்டிய திட்டுகளை மட்டும் இன்னொரு சுற்று அழுத்தமாக்கு. கீழே போகப் போக இரண்டாம் சுற்று தேவையே இல்லை. வெளிறிய 02-இல் தொடங்கி, பிறகு 75, கடைசியில் 74 என்று போனால், கருமை எங்கே வேண்டும் என்பதை விமானமே உனக்குக் காட்டிவிடும். நாலைந்து திட்டுக்கு ஒருமுறை தின்னரில் நனைத்த பஞ்சுக்குச்சியால் ஊசியின் நுனியைத் துடைத்துக்கொள். பொறுமையைச் சோதிக்கும் வேலை இது. ஆனால் நுனி சுத்தமாக இருக்கும்வரைதான் ஒவ்வொரு திட்டும் உன் சொற்படி விழும்.

எல்லாம் முடிந்தபின் சில திட்டுகள் அளவு மீறியும் சில பக்கத்துத் திட்டோடு ஒட்டியும் இருக்கத்தான் செய்யும். அதற்காக எதையும் சுரண்டவேண்டாம். அடிவண்ணமான 76-ஐ அதே நீர்மையில் கிண்ணத்தில் ஊற்றி, திட்டுகளுக்கு நடுவிலுள்ள இடைவெளிகளில் அதே முறையில் அடித்து, ஓரங்களை உள்ளே தள்ளு. உண்மையைச் சொன்னால், நல்ல வடிவங்கள் இந்தத் திருப்பி அடிக்கும் சுற்றில்தான் பிறக்கின்றன என்பது என் எண்ணம். கடைசியாக, அதே 76-ஐ இன்னும் நீர்க்கச் செய்து, சற்றுத் தள்ளி நின்று, பக்கம் முழுவதன் மேலும் பனிபோல் ஒருமுறை ஓட்டிவிட்டால், தனித்தனியாக நின்ற திட்டுகள் ஒரே பரப்பில் கலந்து அடங்கிவிடும்.

நம் ஊரின் காற்றைப் பற்றியும் சொல்லவேண்டும், ஏனென்றால் இங்கே பாதிச் சண்டை அதனோடுதான். காசிமேட்டுப் பக்கமிருந்து வரும் கடற்காற்றில் ஈரம் எப்போதும் உண்டு. லாக்கர் சீக்கிரம் ஆவியாகும்போது மேற்பரப்பு குளிர்ந்து, காற்றிலுள்ள ஈரம் அதன்மேல் படிந்து, வண்ணம் பால்போல் வெளுத்துவிடும். ஐப்பசி, கார்த்திகை மழையில் நான் திட்டு வேலையே வைத்துக்கொள்வதில்லை. மற்ற மாதங்களில் வெயில் ஏறிய பிறகு, கடற்காற்று வீசத் தொடங்குவதற்குள் முடித்துக்கொள்கிறேன். வெளுத்துவிட்டாலும் பதறவேண்டாம், வெறும் லெவலிங் தின்னரை மெல்லிய பனியாக ஒருமுறை அடித்தால் பெரும்பாலும் நிறம் திரும்பிவிடும். கம்ப்ரசரின் தொட்டியிலும் தண்ணீர் சேரும். அழுத்தப்பட்ட காற்று சூடாக வந்து குழாயில் குளிரும்போதுதான் ஈரம் துளியாகிறது என்பதால், காற்றிலுள்ள நீரைப் பிடித்து நிறுத்தும் ஈரப்பொறியைத் தொட்டியின் வாயில் வைப்பதைவிட நீளமான குழாய்க்குப் பிறகு, கைக்கு அருகில் வைப்பதே பயன்தரும். வேலை முடிந்ததும் தொட்டியின் அடியிலுள்ள திருகாணியைத் திறந்து நீரை வடித்துவிடு. எங்கள் தெருவில் இன்னொரு தொல்லையும் உண்டு. மணலிக்குப் போகும் கன்டெய்னர் லாரிகள் நெடுஞ்சாலையில் கிளப்பும் தூசி ஜன்னல்வழியே வந்து ஈர வண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும் என்பதால், அடிப்பதற்கு முன் தரையில் தண்ணீர் தெளித்துக்கொள்கிறேன். உங்கள் திருச்சியில் ஈரம் குறைவு. அங்கே வண்ணம் காற்றிலேயே காய்ந்து சொரசொரப்பாகப் படியும் வாய்ப்புதான் அதிகம் என்று தோன்றுகிறது. ஆகவே நான் சொன்ன விகிதத்தைவிடச் சில துளிகள் தின்னரைக் கூடுதலாகவே சேர்த்துப் பார்.

இந்தக் கடிதத்துடன் ஒரு பிளாஸ்டிக் தகட்டை வைத்திருக்கிறேன். 76-இன் மேல் 75-ஐ, ஒரே கலவையில், 8, 10, 12, 15 பி.எஸ்.ஐ. என்று நான்கு அழுத்தங்களில் அடித்து, பக்கத்தில் பென்சிலால் குறித்திருக்கிறேன். உருப்பெருக்கிக் கண்ணாடியில் ஓரங்களைப் பார். 15-இல் மட்டும் சிறு கிளைகள் ஓடத் தொடங்கியிருக்கும். உன் ஏர்பிரஷ் 0.3 மி.மீ. மூக்கு உடையது, என்னுடையது 0.2 என்பதால் இதே எண்கள் உனக்கு அப்படியே பொருந்தாது. பிரியாணிக் கடையில் தரும் வெள்ளை பிளாஸ்டிக் கரண்டிகளில் 76-ஐ அடித்துக்கொண்டு, அவற்றின் முதுகில் பழகிப் பார். கரண்டியின் வளைவு விமானத்தின் பக்கத்தைப்போலவே இருப்பதால், தூரத்தை எப்படிக் காப்பது என்பதும் கூடவே பழகிவிடும். தாளில் பழகாதே, தாள் ஈரத்தை உறிஞ்சிக்கொள்வதால் சிலந்திக்கால் விழும் அழுத்தத்திலும் எல்லாம் சரியாக இருப்பதுபோல் காட்டிவிடும்.

பொங்கலுக்குக் குடும்பத்தோடு வருவதாக எழுதியிருந்தாய், அவசியம் வரவேண்டும். விமானத்தையும் பெட்டியில் வைத்து எடுத்துவா. அதற்கு முன் ஒன்று மட்டும் எழுது: உன்னிடமுள்ள புகைப்படத்தில் தெரிவது விமானத்தின் இடப்பக்கமா, வலப்பக்கமா? ஒரு பக்கம்தான் இருக்கிறது என்றால் மறுபக்கத்தை அதன் கண்ணாடிப் பிம்பமாக அடித்துவிடாதே. உன் பதில் வந்ததும், அதே காலத்து ஜி-6 விமானங்களின் மறுபக்கம் தெரியும் படங்கள் சிலவற்றை என் சேகரிப்பிலிருந்து பிரதி எடுத்து அனுப்பிவைக்கிறேன்.

வீட்டில் அனைவருக்கும் எங்கள் அன்பைச் சொல்.

என்றும் அன்புடன்,
உன் நண்பன்