கல்லறைச் சுவரை இடித்துத் தாருங்கள்

மேதகு ஆயர் அவர்களுக்கும், எங்கள் பங்குப் பேரவைப் பெரியவர்களுக்கும்,

ஸ்தோத்திரம். நம் கல்லறைத் தோட்டத்தில் தலித் மக்களான எங்கள் கல்லறைகளை உங்கள் கல்லறைகளிலிருந்து பிரிக்கும் நடுச்சுவரை யார் கட்டினார்கள், ஏன் கட்டினார்கள் என்பது உங்களுக்கே தெரியும். அதில் ஒரு வாசல்கூட இல்லை என்பதும் தெரியும். போன ஐப்பசியில் நடந்ததை மட்டும் சொல்கிறேன்.

அடைமழையில் என் பெரிய அத்தை இறந்தார். 30 வருடத்துக்கு மேல் நம் கோயிலைக் கூட்டிப் பெருக்கியவர். ஒவ்வொரு கல்லறைத் திருநாளுக்கும் முந்தின வாரம் சுவருக்கு அந்தப் பக்கம் போய், புல் செதுக்கி, உங்கள் வீட்டுக் கல்லறைகளுக்குச் சுண்ணாம்பு அடித்ததும் அவர்தான். அந்தப் பக்கத்துக்குச் சிமெண்ட் ரோடு இருக்கிறது. எங்கள் பக்கத்துக்கு ஓடையில் இறங்கித்தான் போக வேண்டும்.

அன்றைக்கு ஓடையில் இடுப்பளவு தண்ணீர். அந்தப் பக்கத்துப் பெரிய வாசலைத் திறந்துவிடுங்கள், அந்த வழியாகக் கொண்டுபோய்ச் சுவருக்கு மேலே தூக்கி இறக்கிக்கொள்கிறோம் என்று கேட்டோம். பேரவை கூடித்தான் முடிவு சொல்ல முடியும் என்றார் சாவி வைத்திருந்தவர். பங்கின் சவ வண்டியைக் கேட்டதற்கும் அதே பதில்தான். கடைசியில் ஆறு பேர் பெட்டியைத் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு இறங்கினார்கள். நடு ஓடையில் ஒரு தம்பிக்குக் கால் வழுக்கியது. பெட்டியின் ஒரு முனை தண்ணீரில் முங்கி எழுந்தது. பங்குச் சாமியார் கரையிலேயே நின்று செபம் சொல்லிவிட்டு, தீர்த்தப் பாட்டிலை உபதேசியாரிடம் கொடுத்தனுப்பினார். குழியிலும் தண்ணீர் ஊறிக் கிடந்தது. வாளியால் இறைத்துவிட்டுத்தான் வைத்தோம். "அம்மா நனைஞ்சிட்டாளே" என்று அத்தை மகள் இன்றைக்கும் அழுகிறாள்.

அந்த வாரமே நவம்பர் 1, அனைத்துப் புனிதர் பெருவிழா. "நீதிநிலைநாட்டும் வேட்கை கொண்டோர் பேறுபெற்றோர்" என்று பூசையில் நற்செய்தி வாசித்தார்கள். மறுநாள் நவம்பர் 2, கல்லறைத் திருநாள்; சாமியார் கல்லறைகளை மந்திரிக்கும் நாள். அந்தப் பக்கம் ஒரு மணி நேரம் நடந்தது. எங்கள் பக்கம் யாரும் வரவில்லை. ஓடையில் தண்ணீர் வடியவில்லையாம்.

அந்தச் சுவரை இடித்துத் தாருங்கள். அது ஒன்றுதான் நாங்கள் கேட்பது.

இது புதிய கோரிக்கையும் இல்லை. 2003-இல் திருத்தந்தை இரண்டாம் ஜான் பால் தமிழக ஆயர்களிடமே, கிறிஸ்தவர்களுக்குள் சாதிப் பாகுபாட்டின் சாயல்கூட இருக்கக் கூடாது என்று பேசினார். 2016-இல் இந்திய ஆயர் பேரவை தலித் மக்களுக்கான கொள்கை அறிக்கையை வெளியிட்டு, திருச்சபைக்குள் தீண்டாமை இருப்பதை ஒப்புக்கொண்டது. 2008-இல் எறையூரில் கிறிஸ்தவர்களுக்குள் இதே சாதித் தகராறு போலீஸ் துப்பாக்கிச்சூட்டில் முடிந்து இரண்டு உயிர்கள் போனதை எங்களைவிட நீங்கள் நன்றாக அறிவீர்கள். இன்னும் எத்தனை அறிக்கை வேண்டும்?

ஆகஸ்ட் 10 வந்தால் கறுப்புப் பட்டை குத்திக்கொண்டு உங்களோடு நாங்களும் ஊர்வலம் வருகிறோம். 1950-இல் அதே நாளில் வந்த குடியரசுத் தலைவர் ஆணை தலித் கிறிஸ்தவர்களுக்குப் பட்டியல் சாதி உரிமையை மறுக்கிறது என்று அரசிடம் நியாயம் கேட்கிறோம். கேட்க வேண்டியதுதான். ஆனால் அந்த ஆணையை டெல்லிதான் மாற்ற வேண்டும். இந்தச் சுவருக்கு உங்கள் ஒரு கையெழுத்து போதும். காணிக்கை செலுத்த வரும்போது சகோதரனுக்கு உன்மேல் மனத்தாங்கல் உண்டென்று நினைவு வந்தால், காணிக்கையை அங்கேயே வைத்துவிட்டு முதலில் போய் நல்லுறவு ஏற்படுத்திக்கொள் என்றார் இயேசு. எங்களுக்கு மனத்தாங்கல் உண்டு. அதை இப்போது எழுத்திலும் கொடுத்துவிட்டோம்.

கடுமையாக எழுதியிருந்தால் மன்னியுங்கள். வரும் நவம்பர் 2-க்கு முன்னால் சுவரை எடுத்துவிடும்படியும், சவ வண்டியைப் பங்கு மக்கள் எல்லாருக்கும் பொதுவாக்கும்படியும் பணிவோடு கேட்டுக்கொள்கிறோம். அன்றைக்கு ஆயர் அவர்களே மந்திரிக்க வர வேண்டும். பெரிய வாசல் வழியாக வந்து, அத்தை கல்லறை வரைக்கும் நேராக நடந்து வாருங்கள்.

இப்படிக்கு,
உங்கள் பங்கு மகள்