“காயம் எதுவும் இருந்துச்சாம்மா?”

மக்ளே,

நேத்து நீ போன்ல கோவத்துல பாதியில வச்சதுல இருந்து எனக்கு சரியா தூக்கம் இல்ல. போன்ல பேசினா நாம ரெண்டு பேரும் ஒரே நேரத்துல பேசுவோம், அதான் எழுதுறேன். நீளமா போகும், நைட் டியூட்டி முடிச்சு சாப்பிட்டுட்டு நிதானமா படி.

நீ சொன்னது இதுதானே. உங்க கிளினிக்குக்கு செக்கப் வந்த அந்த யூதப் பொண்ணு, ரத்தம் கர்ப்பப்பைக்குள்ள இருந்து வருதா இல்ல கர்ப்பப்பை வாய்ல இருக்கிற புண்ணுல இருந்து வருதான்னு எழுதிக் குடுங்க சிஸ்டர், எங்க மதகுரு ரபிகிட்ட காட்டணும்னு கேட்டிருக்கா. உடனே உனக்கு பத்திக்கிச்சு, ஒரு பொம்பளையோட ரத்தம் எதுன்னு ஒரு ஆம்பளைகிட்ட போய் கேக்கணுமா, இந்தக் காலத்துலயுமான்னு என்கிட்ட கத்தின. நல்லவேளை அவகிட்ட கத்தல.

உன் கோவம் எங்க இருந்து வருதுன்னு எனக்குத் தெரியும் மக்ளே. சர்ச்ல திடப்படுத்தல் கிளாஸ்ல உனக்கு பதினாலு வயசு, மாதவிலக்கு நாள்ல திருவிருந்து எடுக்கக் கூடாதுன்னு ஒருத்தங்க எல்லார் முன்னாடியும் சொன்னாங்க, நீ வீட்டுக்கு வந்து அழுத, நான் “பெரியவங்க சொன்னா கேட்டுக்கோ”ன்னு சொல்லிட்டேன். அன்னிக்கு நான் வாயத் திறந்திருக்கணும். அது தப்பு, என் தப்பு. அதுக்கு ஒரு பதில் வச்சிருக்கேன், கீழ வரும்.

ரிட்டயர் ஆனப்புறம் நான் மிஷ்னா, அதான் ரபிகளோட பழைய சட்டத் தொகுப்பு, படிச்சிட்டு இருக்கேன்னு உனக்குத் தெரியுமே, அதுல நித்தான்னு ஒரு பகுதி, முழுக்க இந்த விஷயம்தான், பத்து அதிகாரம். ஆனா மொதல்ல லேவியராகமம் 15ஐ திறந்து வச்சுக்கோ. அந்த அதிகாரத்துல மொதல்ல வர்றது பொம்பளை இல்ல, ஆம்பளைதான். ஆம்பளைக்கு நோயினால வர்ற ஒழுக்கு, அப்புறம் விந்து, அதுக்கப்புறம்தான் நம்ம மாதவிலக்கு ஏழு நாள், கடைசியா நாள் கணக்கு தாண்டி போற ரத்தம். தீட்டுன்னா பாவம்னு நமக்கு யாரோ சொல்லி வச்சிட்டாங்க, அங்க அப்படி இல்ல. எண்ணாகமம் 19ல பாரு, பிணத்தைத் தொட்டா ஏழு நாள் தீட்டு, ஆனா பெத்தவங்களை அடக்கம் பண்றது கடமை, கடமையைச் செஞ்சவனுக்கும் தீட்டு உண்டு. தீட்டோட இருக்கிறவங்க எருசலேம் ஆலயத்துக்குள்ள போகக் கூடாது, பலியில வந்த பரிசுத்தமானதை சாப்பிடக் கூடாது, அதுதான் அதோட வேலை.

அந்த ஆலயத்தை கி.பி. 70ஆம் வருஷம் ரோமர்கள் இடிச்சிட்டாங்க. அப்போ இதெல்லாம் முடிஞ்சிருக்கணும் இல்லையா, மத்த தீட்டுகள் கொஞ்சம் கொஞ்சமா நடைமுறையில இல்லாம போயிடுச்சு, மாதவிலக்கு மட்டும் நிலைச்சுடுச்சு. ஏன்னா லேவியராகமம் 18லயும் 20லயும் அந்த நாள்ல புருஷன் பொண்டாட்டி சேரக் கூடாதுன்னு தனியா இருக்கு, அதுக்கு ஆலயம் தேவையில்ல, வீடு போதும். சுமார் கி.பி. 200ஆம் வருஷம் கலிலேயாவுல ரபி யூதா மிஷ்னாவைத் தொகுத்தப்போ சுத்தம் பத்தின பிரிவுல பன்னிரண்டு புஸ்தகம் இருந்துச்சு, பின்னால பாபிலோன்ல தல்மூத்ன்னு மிஷ்னாவுக்குப் பெரிய விளக்கம் எழுதினவங்க அந்தப் பன்னிரண்டுல நித்தா ஒண்ணுக்கு மட்டும்தான் விளக்கம் செஞ்சாங்க. வாழ்க்கையில மிஞ்சினது அதுதான்.

நித்தா எப்படி ஆரம்பிக்குது தெரியுமா, ஒரு சண்டையில. ஒருத்தி இன்னிக்கு ரத்தம் பாத்தா, அவ நேத்து தொட்ட மாவு, பாத்திரம் எல்லாம் சுத்தமா இல்லையா? ஷம்மாய், ஹில்லெல்னு ரெண்டு பழைய குருமார் இருந்தாங்க. ஷம்மாய் சொல்றாரு, பாத்த நேரத்துல இருந்துதான் தீட்டு, அது போதும். ஹில்லெல் சொல்றாரு, இல்ல, கடைசியா எப்போ துணி வச்சு சோதிச்சாளோ அது வரைக்கும் பின்னால போகணும், எத்தனை நாள் ஆனாலும் சரி. மத்தவங்க ரெண்டையும் விட்டுட்டு, அதிகபட்சம் இருபத்திநாலு மணி நேரம், அதுக்குள்ள சோதிச்சிருந்தா அது வரைக்கும் போதும்னு முடிச்சாங்க. எப்பவும் கடுமையா பேசுற ஷம்மாய்தான் இங்க பொம்பளைக்கு லேசான பக்கம் நிக்கிறாரு.

அப்புறம் நிறம். எதெல்லாம் தீட்டான ரத்தம்னு ஒரு லிஸ்ட், சிவப்பு, கறுப்பு, குங்குமப்பூ நிறம், மண் கலந்த தண்ணி நிறம், தண்ணி கலந்த திராட்சரச நிறம். சும்மா சொல்லிட்டுப் போகல, மண்ணுன்னா பெத்கேரேம் பள்ளத்தாக்கு மண்ணை எடுத்து அது மேல தண்ணி நிக்க விட்டுப் பாக்கணும், ரசம்னா சாரோன் ரசம், ரெண்டு பங்கு தண்ணி ஒரு பங்கு ரசம். ஷம்மாய் பள்ளிக்காரங்க இன்னும் ரெண்டு சேக்கிறாங்க, வெந்தயம் ஊறின தண்ணி நிறம், சுட்ட இறைச்சியில இருந்து வடியுற தண்ணி நிறம். ஹில்லெல் பள்ளி அந்த ரெண்டும் சுத்தம்தான்னு விட்டுடுச்சு. ராத்திரி நான் ஊறப் போட்ட வெந்தயத்தைக் காலையில கண்ணாடி டம்ளர்ல ஊத்தி ஜன்னல் வெளிச்சத்துல வச்சுப் பாத்தேன். லேசான மஞ்சள், அடியில கொஞ்சம் பழுப்பு. இந்த நிறத்துக்கு ரெண்டு பள்ளிக்கூடம் மோதியிருக்கு, அந்த முடிவுல ஒரு பொண்ணு அன்னிக்கு ராத்திரி புருஷன் பக்கத்துல படுக்கலாமா வேண்டாமாங்கறது தொங்கியிருக்குன்னு நினைச்சப்போ எனக்கு ரொம்ப நேரம் அந்த டம்ளர்ல இருந்து கண்ணை எடுக்க முடியல.

இங்க நீ கேக்கறது சரி. நிறத்தை முடிவு பண்ணினவங்க ஆம்பளைங்க. துணியைக் கொண்டு போய் காட்டினது பொம்பளை. நம்ம உடம்பை அவங்க ஒரு வீடு மாதிரி வரைஞ்சு வச்சிருக்காங்க, உள் அறை, நடை, மேல் அறை, உள் அறையில இருந்து வந்தா தீட்டு, மேல் அறையில இருந்து வந்தா சுத்தம், நடையில கண்டா உள்ள இருந்து வந்ததாத்தான் வைக்கணும். அந்த வீட்டுல குடியிருந்தவளை யாரும் கேட்ட மாதிரி தெரியல. இதை விட மோசமா மிஷ்னாவுல ஷப்பாத், அதான் ஓய்வுநாள், பத்தின பகுதியில ஒரு வரி இருக்கு, பொம்பளைங்க பிரசவத்துல சாகறது மூணு காரணத்தால, அதுல ஒண்ணு இந்த விலக்கத்தைச் சரியா காக்காததுன்னு. லேபர் ரூம்ல நீ எத்தனை பேர் கையைப் பிடிச்சுக்கிட்டு நின்னிருப்ப. அந்த வரியை என்னால ஏத்துக்கவே முடியல, உன்னை ஏத்துக்கச் சொல்லவும் மாட்டேன்.

ஆனா அதே நித்தாவுல எட்டாவது அதிகாரத்துக்கு வா. அங்க விஷயம் துணியில இருக்கிற கறை. ரத்தம் வந்த மாதிரி உடம்புக்கு எதுவும் தெரியல, துணியில மட்டும் கறை இருக்கு. அந்தக் கறைக்கு வேற எதையாவது காரணம் சொல்ல முடியுமான்னுதான் அந்த அதிகாரமே தேடுது. கோழி அறுத்தாளா, அறுக்கறவங்க பக்கத்துல உக்காந்தாளா, பேன் நசுக்கினாளா, புருஷனுக்கோ மகனுக்கோ காயமா, எதுவா இருந்தாலும் அது மேல போட்டுக்கலாம். மொச்சைக் கொட்டையை ரெண்டா உடைச்சா ஒரு பாதி இருக்குமே, அந்த அளவு வரைக்கும் இருந்தா, பேன் நசுக்கின ஞாபகம் இல்லாட்டியும் பேன்தான்னு வச்சுக்கலாம்னு ஒரு ரபி சொல்றாரு.

அங்கதான் ஒரு பொண்ணு ரபி அகிவா முன்னாடி வந்து நிக்கிறா. பேர் இல்ல. ஒரு கறை பாத்தேன்னு சொல்றா. அவர் கேக்கறாரு, உனக்கு காயம் எதுவும் இருந்துச்சாம்மா? இருந்துச்சு, ஆறிடுச்சுங்கறா. அது திரும்ப வாய் திறந்து ரத்தம் வந்திருக்கலாமா? வரலாம்ங்கறா. அவர் நீ சுத்தம்னு சொல்லி அனுப்பிடறாரு. சீஷர்கள் ஒருத்தர் மூஞ்சியை ஒருத்தர் பாக்கறாங்க. அதை அவர் பாத்துடறாரு. இதுல உங்களுக்கு என்ன கஷ்டமா தெரியுது, பெரியவங்க இந்தக் கறை விஷயத்தைக் கடுமையாக்கறதுக்குச் சொல்லல, லேசாக்கறதுக்குத்தான் சொன்னாங்க, வேதத்துல ரத்தம்னுதானே இருக்கு, கறைன்னு இல்லையேன்னு கேக்கறாரு.

மக்ளே, உன் கிளினிக்ல அந்தப் பொண்ணு கேட்டது இந்தக் கேள்விதான். புண்ணுல இருந்து வந்த ரத்தத்துக்கு விலக்கம் கிடையாது. நீ எழுதிக் குடுக்கற நாலு வரி அவளைப் பூட்டறதுக்கு இல்ல. அகிவா குத்துமதிப்பா கேட்டதை நீ லைட் வச்சுப் பாத்து நிச்சயமா சொல்ல முடியும், அவ்வளவுதான் வித்தியாசம். நீ எழுதித் தர மாட்டேன்னு சொல்லிட்டா அவ பெரும்பாலும் பன்னிரண்டு நாள் எண்ணிட்டு உக்காந்திருப்பா.

பன்னிரண்டு எப்படி வந்துச்சுன்னு கேப்ப. வேதத்துல சாதாரண விலக்குக்கு ஏழே நாள்தான், நாள் தாண்டி போறவளுக்குத்தான் ரத்தம் நின்னப்புறம் தனியா ஏழு சுத்தமான நாள் எண்ணணும். மாற்கு 5ல பெரும்பாடுள்ள ஸ்திரீ வர்றாளே, இந்தக் கணக்குல பாத்தா பன்னிரண்டு வருஷமா அவளுக்கு சேந்தாப்புல ஏழு சுத்தமான நாள் எண்ணி முடிக்க முடியல, அதை நினைச்சுக்கிட்டு அந்த இடத்தைத் திரும்பப் படி. எந்த ரத்தம் எந்தக் கணக்குன்னு குழம்பிடுச்சு, கடைசியில தல்மூத்ல ரபி சேரா சொல்றாரு, இஸ்ரவேல் பொண்ணுங்க தாங்களே கடுமையாக்கிக்கிட்டாங்க, கடுகளவு ரத்தம் பாத்தாலும் ஏழு சுத்தமான நாள் உக்காருவாங்கன்னு. ரத்தத்துக்குன்னு பொதுவா அஞ்சு நாள், அப்புறம் இந்த ஏழு, அதான் பன்னிரண்டு. தாங்களேன்னு எழுதினதும் ஆம்பளைதான், அது எனக்கும் உறுத்துது. ஆனா முழுப் பொய்யாவும் தோணல. நம்ம ஆச்சி யாரும் சொல்லாமலே ஊறுகா பரணி பக்கம் போக மாட்டாங்க, வேண்டாம்னு சொன்னா நம்மகிட்டதான் சண்டைக்கு வருவாங்க, நீ பாத்திருக்க.

அடுக்களைன்னதும் ஞாபகம் வருது. தல்மூத்ல விலக்கத்துல இருக்கிறவ சமைக்கலாம், எல்லா வீட்டு வேலையும் செய்யலாம், மூணே மூணு தவிர, புருஷனுக்குக் கோப்பை ஊத்திக் குடுக்கறது, படுக்கை விரிக்கறது, அவன் முகம் கை கால் கழுவ தண்ணி விடறது. மூணும் நெருக்கம் வர்ற வேலை. அந்தக் கோப்பையைக் கூட நாலு ரபிங்க வீட்ல எப்படிக் குடுத்தாங்கன்னு எழுதி வச்சிருக்காங்க பாரு, ஷமுவேல் வீட்டுக்காரி இடது கையால குடுப்பாளாம், அபாயே வீட்டுக்காரி ஜாடி வாய் மேல வச்சிடுவாளாம், ராவா வீட்ல தலைமாட்டுல, ராவ் பாப்பா வீட்ல முக்காலி மேல. கண்ணு மூடினா எனக்கு அந்த நாலு வீடும் தெரியுது. கண்ணுக்கு மை போடக் கூடாது, கலர் துணி கூடாதுன்னு பழைய ஆளுங்க வச்சிருந்ததையும் அகிவாதான் மாத்தினாரு, அப்படிச் செஞ்சா புருஷனுக்கு அவ மேல வெறுப்பு வந்து விட்டுடுவானேன்னு. காரணம் புருஷனைச் சுத்தித்தான் இருக்கு, ஆனாலும் மை திரும்ப வந்துச்சு.

இன்னொண்ணு, நாள் எண்ணறது அவளேதான். அவ எண்ணணும்னு லேவியராகமத்துல இருக்கிறதை வச்சு, அவ எண்ணினா போதும், சாட்சி வேண்டாம், அவ சொன்னா நம்பணும்னு வச்சிட்டாங்க. நாள் முடிஞ்சு மழைத்தண்ணியோ ஊத்துத்தண்ணியோ தானா சேந்த தொட்டியில முங்கி எந்திரிக்கறதும் அவதான். யல்தான்னு ஒருத்தி, ராவ் நக்மானோட மனைவி, ஒரு ரபிகிட்ட ரத்தத்தைக் காட்டினா, அவர் தீட்டுன்னுட்டாரு. நேரா இன்னொருத்தர்கிட்ட போனா. அவரும் மொதல்ல தீட்டுன்னுதான் சொன்னாரு, இவ விடல, எப்பவும் இந்த மாதிரி ரத்தத்தை அந்த மொதல் ரபி சுத்தம்னுதான் சொல்லுவாரு, இன்னிக்கு அவருக்குக் கண்ணு வலின்னா. ரெண்டாவது ரபி சுத்தம்னு சொல்லி அனுப்பிட்டாரு. தன் உடம்பைத் தனக்குத் தெரியும்னு அவ நின்னது எனக்கு ரொம்பப் பிடிச்சிருக்கு.

இப்போ உனக்கு நான் கடன்பட்ட பதில். தொசெஃப்தான்னு மிஷ்னா கூடவே போற ஒரு தொகுப்பு இருக்கு, அதுல விலக்கத்துல இருக்கிறவளும் பிள்ளை பெத்தவளும் வேதம் வாசிக்கலாம், தீர்க்கதரிசிகள் வாசிக்கலாம், மிஷ்னா படிக்கலாம்னு தெளிவா இருக்கு. இன்னொரு இடத்துல, தீட்டுன்னு நினைச்சு வசனத்தை வாய்க்குள்ளயே முணுமுணுத்த ஒரு சீஷன்கிட்ட யூதா பென் பெத்தேரா சொல்றாரு, மகனே வாயைத் திற, உன் வார்த்தை வெளிச்சமா வரட்டும், வேத வார்த்தைக்குத் தீட்டு ஒட்டாது, என் வார்த்தை அக்கினியைப் போல இருக்குன்னு எரேமியாவுல இருக்கேன்னு. ஆலயம் போனப்புறம் பின்னாடி நூற்றாண்டுகள்லதான் சில ஊர்கள்ல விலக்கத்துல இருக்கிற யூதப் பொண்ணுங்க ஜெப ஆலயத்துக்கு வராம நின்னாங்க. அதே மாதிரி 3ஆம் நூற்றாண்டுல சிரியாவுல சில கிறிஸ்தவப் பொண்ணுங்க ஏழு நாள் ஜெபத்தையும் நற்கருணையையும் விட்டு விலகி நின்னப்போ, அந்த சபையோட ஒழுங்குப் புஸ்தகமே அப்படி நிக்க வேண்டியதில்லன்னு அவங்ககிட்ட வாதாடியிருக்கு. பதினாலு வயசுல உன்னைத் திருவிருந்துக்குப் போகாம நிறுத்தினது தப்பு மக்ளே. போயிருக்கலாம் நீ. நான் கையைப் பிடிச்சுக் கூட்டிட்டுப் போயிருக்கணும்.

அந்தப் பொண்ணு திரும்ப வந்தா நீயே பாரு, வேற யார்கிட்டயும் தள்ளி விடாத. எந்த இடத்துல புண்ணு, எவ்வளவு பெருசு, தொட்டா ரத்தம் வருதா, உள்ள இருந்து எதுவும் வரலையா, எல்லாம் சுத்தமா எழுதி, தேதி போட்டு, டாக்டர்கிட்ட கையெழுத்து வாங்கிக் குடு. புண்ணு ஆறிடுச்சான்னு எனக்கும் ஒரு வரி எழுது.

அம்மா