எலெக்டிவ் மாதத்தைக் கல்லூரிக்கு வெளியேயும் திறந்துவிடுங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். நான் புதுச்சேரியில் எம்.பி.பி.எஸ். இறுதியாண்டு படிக்கிறேன், சொந்த ஊர் கடலூர் முதுநகர். 2019-இல் வந்த புதிய பாடத்திட்டம், மாணவர்கள் பிடித்த துறையில் எலெக்டிவ், அதாவது விருப்பப் பயிற்சி, செய்ய 2 மாதம் ஒதுக்கியது. 2023 விதிமுறைகளில் அது 1 மாதமாகச் சுருங்கிவிட்டது. 75 சதவீத வருகையும், செய்த பயிற்சியைப் பதிவு செய்யும் லாக்புக்கும் கட்டாயம்.

நான் வலி நிவாரண, ஆதரவு சிகிச்சைப் பிரிவைக் கேட்டு வாங்கினேன். புற்றுநோய் முற்றியவர்களுக்கு மார்ஃபின் மாத்திரையை, வலி வரட்டும் என்று காத்திருக்காமல் 4 மணி நேரத்துக்கு ஒரு தடவை கொடுக்க வேண்டும், கூடவே மலச்சிக்கலுக்கும் மருந்து எழுத வேண்டும் என்பதெல்லாம் ஏற்கெனவே படித்ததுதான். "இதைச் சாப்பிட்டா பழக்கமாயிடுமாம்மா?" என்று கணவருக்காகக் கலங்கி நின்றவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பதில் சொல்ல அங்கேதான் பழகினேன். எந்தத் துறையில் மேற்படிப்பு என்ற என் எண்ணமே அதில் மாறியது.

வகுப்பில் பலருக்கு இப்படி அமையவில்லை. மதிப்பெண் வரிசையில் இடம் பிரித்ததால், பின்னால் இருந்தவர்கள் மிச்சமிருந்த துறைக்குப் போனார்கள். அப்புறம் என்ன, கையெழுத்துப் போட்டுவிட்டு நீட் பி.ஜி. கேள்விகளோடு நூலகத்தில் உட்கார்ந்தார்கள். மேற்படிப்பு இடத்தை அந்த ஒரு தேர்வே முடிவு செய்யும்போது அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. எலெக்டிவே வேண்டாம் என்று சிலர் சொல்வதை மட்டும் என்னால் ஏற்க முடியவில்லை.

ஆராய்ச்சித் திட்டத்திலோ, கிராமப்புற, நகர்ப்புறச் சமூக மருத்துவமனையிலோ எலெக்டிவ் செய்ய விதிமுறையே இடம் தருகிறது. நம் பகுதியில் வாய்ப்புக்கா பஞ்சம்? கொசுக்களையும் அவை பரப்பும் யானைக்கால் நோயையும் ஆராயும் மத்திய அரசின் நிறுவனம் 1975 முதல் புதுச்சேரியிலேயே இயங்குகிறது. கடலூரில் சிப்காட் ரசாயன ஆலைத் தொழிலாளர்கள் இருக்கிறார்கள், தேவனாம்பட்டினத்தில் மீனவர்கள் இருக்கிறார்கள். அவர்களுடைய மூச்சுத்திணறலையும் தோல் நோயையும் அவர்கள் ஊரிலேயே பார்த்துப் படிக்கலாமே!

புதுச்சேரி, கடலூர் மருத்துவக் கல்லூரிகள் சேர்ந்து, வெளியே போகக்கூடிய இடங்களின் பட்டியலைத் தயாரிக்க வேண்டும். தேர்வு நெருக்கடிக்கு முன்பே அது மாணவர் கைக்கு வரவேண்டும். மதிப்பெண்ணை ஒதுக்கிவைத்து, ஏன் இந்தத் துறை என்று மாணவர் எழுதித் தரும் ஒரு பக்கத்தைப் படித்து இடம் கொடுங்கள். பஸ் செலவையும் கல்லூரியே ஏற்றால் இன்னும் பல பேர் போவார்கள்.

இப்படிக்கு,
மருத்துவ மாணவி,
கடலூர் முதுநகர்