பெறாமகனின் திருமணத்தை நடத்தி வைக்கப் போகும் நண்பருக்கு

கொக்குவில்,
யாழ்ப்பாணம்.

அன்பின் நண்பருக்கு,

உமது கடிதம் கிடைத்தது. மெல்பேணில் இருக்கும் உமது அண்ணரின் மகன் சமயச் சடங்கு எதுவும் இல்லாமல் திருமணம் செய்ய இருப்பதையும், "சித்தப்பா, நீங்கள்தான் நடத்தி வைக்க வேணும்" என்று உம்மைக் கேட்டிருப்பதையும் வாசித்து மிகவும் மகிழ்ந்தேன். சென்ற ஆவணியில் என் தங்கையின் மகளுக்கு அதே பொறுப்பை நான் ஏற்றதால், என் அனுபவத்தை எழுதும்படி கேட்டிருக்கிறீர்.

முதலில் சட்டத்தைத் தெளிவாக்கிக்கொள்ளும். அவுஸ்திரேலியாவில் 1973 ஆம் ஆண்டு முதல், சமயம் சாராத திருமணங்களை நடத்துவதற்கென்று அரசு ஆட்களை நியமித்து வருகிறது. நிகழ்ச்சியின் பெரும்பகுதியை நீர் நடத்தலாம். ஆனால் அத்தகைய அதிகாரம் பெற்ற ஒருவர் அருகிலேயே நின்று, சட்டம் விதித்துள்ள வாசகத்தைத் தம் வாயாலேயே சொல்ல வேண்டும். குறைந்தது ஒரு மாதத்துக்கு முன்னரே அவரிடம் அறிவித்தலைக் கொடுக்கவும் வேண்டும். ஆகவே மண்டபத்தைப் பார்ப்பதற்கு முன் அந்த ஆளைப் பாருங்கள்.

எங்கள் வீட்டில் சிக்கல் வேறு விதமாக இருந்தது. மாப்பிள்ளை பாசையூரைச் சேர்ந்த கத்தோலிக்கக் குடும்பத்துப் பிள்ளை. எங்கள் பிள்ளை சைவம். ஒருவருக்காக மற்றவர் மாறுவதில்லை என்று இருவரும் உறுதியாக இருந்தார்கள். பெரியவர்களுக்கோ, ஐயரும் இல்லாமல் பாதிரியாரும் இல்லாமல் நடப்பது கலியாணமா என்ற கவலை. தமிழ்நாட்டில் மாலை மாற்றினாலே செல்லும்தானே என்று எங்கள் மைத்துனர் கேட்டார். அங்கே 1967 ஆம் ஆண்டு அண்ணாதுரை அரசு கொண்டுவந்த திருத்தத்தால்தான், உற்றார் நண்பர் முன்னிலையில் நடக்கும் சுயமரியாதைத் திருமணம் சட்டப்படி செல்லுபடியாகிறது. அந்தச் சட்டம் கடல் தாண்டி எங்களுக்கு உதவாது என்று அவருக்கு விளக்கினேன். எங்களுக்கு இருப்பது 1907 ஆம் ஆண்டின் விவாகப் பதிவுக் கட்டளைச் சட்டம். ஆகவே பதிவாளரை மண்டபத்துக்கே அழைத்து, எழுத்தை, அதாவது விவாகப் பதிவை, எல்லோருக்கும் முன்னால் வைத்தோம்.

அது நல்ல முடிவு என்று அன்றே உணர்ந்தேன். வழமையில் எழுத்து என்றால் ஒரு மூலையில் மேசை போட்டு, நெருங்கிய உறவினர் நாலு பேர் சூழ்ந்து நிற்க, படமெடுப்பவரின் அவசரத்துக்குள் முடிந்துவிடும். பதிவாளர் வாசிப்பது எவர் காதிலும் விழுவதில்லை. நாங்கள் ஒலிவாங்கியை அவர் முன் வைத்தோம். சாட்சிகள் முன்னிலையில் ஒருவரையொருவர் கணவன் மனைவியாக ஏற்றுக் கையொப்பமிடுவதால், வேறு எந்தச் சமயச் சடங்கும் நடைபெறாவிட்டாலும், நீங்கள் சட்டப்படி மணமக்களாகிறீர்கள் என்ற கருத்தை அவர் நிதானமாக வாசித்தபோது, முன்வரிசையில் இருந்த என் தாயார் நிமிர்ந்து பார்த்தார். மாதக்கணக்காக நாங்கள் வாதாடியும் தீராத சந்தேகத்தை அந்த ஒரு வாசகம் தீர்த்துவிட்டது. அரசாங்கத்தின் புத்தகத்திலேயே அப்படித்தான் இருக்கிறதா என்று பிறகு என்னிடம் கேட்டார். மணமக்களின் விருப்பம் பெரியவர்களுக்குப் பிடிவாதமாகப் படும் இடங்களில், சட்டத்தின் சொல்லைச் சத்தமாகக் கேட்க வைப்பதை விட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை.

அதன் பின்னரே என் பங்கு. திருமணத்துக்கு முன் இருவரையும் தனித்தனியே அழைத்து, மற்றவரிடம் எதை நம்பி இந்த முடிவுக்கு வந்தாய் என்று கேட்டிருந்தேன். மருமகள் சொன்னது இது: தந்தை யாழ்ப்பாணம் ஆஸ்பத்திரியில் கிடந்த நாட்களில், இந்தப் பொடியன் வந்து ஆறுதல் வார்த்தை ஒன்றும் பேசவில்லை, இரவுக்கு இடியப்பமும் சொதியும் கொண்டுவந்து வைத்துவிட்டு, பாத்திரத்தைக் கழுவி எடுத்துக்கொண்டு போவானாம். அவள் அனுமதியோடு இதை மண்டபத்தில் சொன்னேன். சமயத்தைப் பற்றியோ பகுத்தறிவைப் பற்றியோ ஒரு சொல்லும் பேசவில்லை. நடத்தி வைப்பவர் தம் கொள்கையை விளக்கும் மேடையாக அதை மாற்றிவிட்டால், ஐயரின் மந்திரம் எப்படி மணமக்களுக்குப் புரியாமல் போகிறதோ அப்படியே இதுவும் அவர்களுக்கு அந்நியமாகிவிடும். நீர் பேச்சு வல்லவர் என்பதால்தான் இதை அழுத்திச் சொல்கிறேன்.

என் அக்கா ஒரு தேவாரமாவது பாடவேண்டும் என்று கடைசி நாள் வரை நின்றார். மணமக்கள் வேண்டாம் என்றார்கள். நான் அவர்கள் பக்கம் நின்றேன். அக்காவுக்கு என்னில் இன்னும் மனத்தாங்கல் உண்டு. உறவினர் ஒருவர் இந்தப் பொறுப்பை ஏற்பதன் கடினமான பகுதி இதுதான் என்று நினைக்கிறேன். ஐயர் தட்சணையை வாங்கிக்கொண்டு போய்விடுவார்; நாமோ எல்லோருடைய முகத்திலும் முழித்துக்கொண்டு இங்கேயே இருக்க வேண்டும். ஆனால் அதுவேதான் நமக்குள்ள தகுதியும். மணமக்களுக்குள் நாளை ஒரு மனக்கசப்பு வந்தால், அன்று எங்களிடம் என்ன சொல்ல வைத்தீர்கள் என்று வந்து கேட்பதற்கு ஒருவர் அவர்களுக்கு இருக்கிறார். அவர்கள் உம்மைத் தேர்ந்தெடுத்ததை அந்தப் பொருளில் எடுத்துக்கொள்ளும்.

தாலி கட்டுவதா என்று உமது அண்ணர் கேட்பதாக எழுதியிருக்கிறீர். அது பெண்ணின் முடிவு. நீரும் அண்ணரும் அதில் தலையிட வேண்டாம். எங்கள் பிள்ளை தாலியும் கூறையும் வேண்டும் என்றாள், மணவறையும் ஓமமும் வேண்டாம் என்றாள், அப்படியே செய்தோம். முடிவில், ஆசீர்வதிக்க விரும்புவோர் தத்தம் முறைப்படி செய்யலாம் என்று அறிவித்தேன். பாட்டிமார் இருவரும் வந்தார்கள்: ஒருவர் அறுகரிசி போட்டார், மற்றவர் நெற்றியில் சிலுவை அடையாளமிட்டார். எவரையும் தடுக்காமல் விட்டது குறித்து எனக்குத் திருப்தி.

வாக்குறுதிகளை மட்டும் நீர் எழுதிக் கொடுக்க வேண்டாம். பெறாமகனின் தமிழ் தடுமாறினாலும் அவனே எழுதட்டும். பெண்ணும் தன் பங்கைத் தானே எழுதட்டும். சட்டம் கேட்கும் வாசகம் விடுபடாமல் பார்த்துக்கொள்வதே உமது வேலை. எழுதி முடிந்ததும் அவர்கள் சம்மதித்தால் எனக்கு ஒரு பிரதி அனுப்பும். அண்ணருடன் பேசுவது உமக்குக் கடினமாக இருந்தால் சொல்லும், ஞாயிற்றுக்கிழமை நானே அவருக்குத் தொலைபேசி எடுக்கிறேன்.

அன்புடன்,
உமது நண்பன்