பூமியிலேயும்

அன்புள்ள பாப்பாவுக்கு,

அப்பா எழுதுவது. ஸ்தோத்திரம். வில்லிவாக்கத்தில் நானும் அம்மாவும் சுகம். வெயில்தான் இன்னும் இறங்கவில்லை.

போன வாரம் போனில் கேட்டாயே, "ஞாயிற்றுக்கிழமை 'உம்முடைய ராஜ்யம் வருவதாக'ன்னு சொல்லிட்டு வரேன், திங்கட்கிழமை ஆபீஸ்ல நான் என்னப்பா பண்ணணும்?" என்று. "நல்லா ஜெபம் பண்ணு" என்று சொல்லிவிட்டு போனை அம்மாவிடம் கொடுத்துவிட்டேன். நீ கேட்டதற்கு அது பதில் இல்லை என்று எனக்கே தெரியும். பேச்சில் வராதது எழுத்திலாவது வருகிறதா பார்க்கிறேன்.

என் சின்ன வயதில் ராஜ்யம் என்றால் மோட்சம், செத்த பிறகு போகிற ஊர். மத்தேயு தன் சுவிசேஷத்தில் 'பரலோகராஜ்யம்' என்று எழுதியதும் அதற்கு ஒரு காரணம். யூதர்கள் கடவுளின் பெயரைச் சட்டென்று வாயில் எடுக்கமாட்டார்கள், அந்த மரியாதைக்காகப் பரலோகம் என்றார் என்பார்கள். அதே உவமைகளை மாற்குவும் லூக்காவும் சொல்லும்போது 'தேவனுடைய ராஜ்யம்' என்றுதான் இருக்கும். அவர் ஆளுவதுதான் ராஜ்யம். இயேசு கற்றுக்கொடுத்த அந்த ஜெபத்தில் அடுத்த வரியே, உம்முடைய சித்தம் பரமண்டலத்தில் செய்யப்படுகிறதுபோல 'பூமியிலேயும்' செய்யப்படுவதாக என்பதுதான். நாற்பது வருஷத்துக்கு மேல் அதைச் சொன்ன நான், 'பூமியிலேயும்' என்கிற சொல்லை மட்டும் விழுங்கிவிட்டே சொல்லியிருக்கிறேன்.

2019 கோடையில் நீ ஹாஸ்டலில் இருந்தாய். பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் என்று நாலு ஏரியும் வறண்டு கிடந்தன. ஜூலை 12-ம் தேதி ஜோலார்பேட்டையிலிருந்து 50 வேகன்களில் 25 லட்சம் லிட்டர் தண்ணீர் நம் வில்லிவாக்கத்துக்கு வந்தது. ஐ.சி.எஃப்.பில் ஆயுசு முழுக்க ரயில் பெட்டி செய்த நான் வேடிக்கை பார்க்கப் போனேன்.

அதற்கு முந்தின மாதம் நடந்ததை உனக்குச் சொன்னதில்லை. போர்வெல் வற்றிவிட்டது. லாரித் தண்ணீரை ஆறு வீட்டுக்கும் குடம் கணக்கில் பிரித்தோம். கணக்கு நோட்டு என் கையில். நம் வீட்டில் பாத்திரம் தேய்க்கிற அக்கா, "சார், ரெண்டு குடம் எடுத்துக்கட்டுமா, எங்க தெருவுக்கு மூணு நாளா லாரி வரல" என்றாள். "ஒருத்தருக்குக் கொடுத்தால் எல்லாரும் கேட்பாங்கம்மா" என்றேன். "சரிங்க சார்" என்று போய்விட்டாள். அந்த ஞாயிறு கோயிலில் வேதபாடம் வாசிக்கிற முறை என்னுடையது. நன்றாகத்தான் வாசித்தேன்.

மறுநாளிலிருந்து நம் வீட்டில் தினம் இரண்டு குடம் குறைந்தது. நோட்டை மூன்று தடவை கூட்டிப் பார்த்தேன். நாலாம் நாள்தான் தெரிந்தது: அம்மா அரை வாளியில் குளித்துவிட்டு, மிச்சம் பிடித்ததைப் பின்வாசல் வழியாக அக்காவுக்குக் கொடுத்துக்கொண்டிருந்தாள். கேட்டால், "கணக்கு சரியாத்தானே இருக்கு? நம்ம பங்குதானே குறையுது" என்றாள். ராஜ்யம் கீஜ்யம் என்றெல்லாம் அவள் பேசவில்லை.

இன்னொன்று. இயேசு சொன்ன திராட்சத்தோட்டத்துக் கூலியாட்கள் உவமை மேல் யூனியன் ஆளான எனக்கு ரொம்ப நாள் கோபம். விடியற்காலை வந்தவனுக்கும் சாயங்காலம் ஐந்து மணிக்கு வந்தவனுக்கும் ஒரே கூலி, ஆளுக்கு ஒரு பணம் என்றால் எந்த யூனியன் ஒத்துக்கொள்ளும்? இப்போது காலையில் நடக்கப் போகும்போது, ஜங்ஷனில் கொத்தனாரும் சித்தாளும் தூக்குச்சட்டியோடு நிற்பதைப் பார்க்கிறேன். தெம்பானவர்களை முதலில் கூட்டிப்போய்விடுகிறார்கள். ஒன்பது மணிக்கு மேலும் நிற்பவர்கள் வயசானவர்கள், கைக்குழந்தைக்காரிகள். சோம்பேறித்தனத்தால் நிற்கவில்லை, யாரும் கூப்பிடாததால் நிற்கிறார்கள். உவமையிலும் அவர்கள் அதைத்தான் சொல்கிறார்கள். அந்த ஒரு பணம் அந்தக் காலத்தில் ஒரு நாள் கூலி, ஒரு வீட்டின் அன்றைய சாப்பாடு. கால் பணம் கொடுத்தால் கால் வயிறுதான் நிறையும். என் கோபம் கொஞ்சம் தணிந்திருக்கிறது, முழுசாகப் போகவில்லை.

பிரசவ லீவு முடிந்து வந்த பெண்ணை ரேட்டிங்கில் கடைசியில் போடச் சொல்கிறார்கள் என்றாயே. உங்கள் ஆபீஸ் வழக்கம் எனக்குத் தெரியாது. ஆனால் புனேயில் ஜெபக்குழு ஆரம்பிக்கலாமா என்று யோசிப்பதற்கு முன்னால் அந்த லிஸ்ட்டைப் பார். அவள் வேலை பார்த்த மாதங்களில் என்னென்ன முடித்தாள் என்று எழுத்தில் கொடு. வாயால் சொன்னால் காற்றோடு போய்விடும். மேலே இருப்பவருக்குப் பிடிக்காமல் போகலாம், உன் ரேட்டிங்கும் குறையலாம். அதைத் தெரிந்துகொண்டே எழுது. கோபமாக எழுதாதே, அது என்னிடமிருந்து உனக்கு வந்த வியாதி.

அந்த அக்கா இன்னும் நம் வீட்டுக்குத்தான் வருகிறாள். கிறிஸ்மஸுக்கு நீ வருவாயா என்று நேற்றுகூடக் கேட்டாள். லீவு சொல்லிவிட்டாயா? அந்தத் தண்ணீர்க் கணக்கு நோட்டை அம்மா தூக்கிப் போடவில்லை. பின்பக்கத்திலிருந்து பால் கணக்கு எழுதிக்கொண்டிருக்கிறாள்.

அன்புடன்,
அப்பா