ஆச்சியைக் கேட்டிருந்தால்

யாழ்ப்பாணம்

அன்பின் மச்சான்,

உன் கடிதம் கிடைத்தது. பேத்தி நடக்கத் தொடங்கிவிட்டாள் என்று வாசித்ததும் இவள் அடுப்படியிலிருந்து ஓடிவந்து படம் எங்கே என்று கேட்டாள். அடுத்த முறை மறக்காமல் அனுப்பு. இங்கே எல்லோரும் சுகம். மாரி தொடங்கினால் எனக்கு முழங்கால் குத்தும், அவ்வளவுதான்.

நம்முடைய ஒழுங்கைக்குக் கொங்கிறீட் போட்ட கதையை உனக்கு முழுதாக எழுதவில்லை. 2024இல் போட்டார்கள். பழைய தரையை விட ஒரு சாண் உயரம். அந்தக் கார்த்திகை மழைக்குத் தண்ணீர் போக வழியில்லாமல் வளவுகளுக்குள் இறங்கியது. மூலை வீட்டு ஆச்சியின் கிணறு கலங்கி, மூன்று கிழமை அவ அயல்வீட்டில்தான் தண்ணீர் அள்ளினா. யாரிடம் போய்ச் சொல்வது? உள்ளூராட்சி சபைகளின் பதவிக்காலம் 2023 மார்ச்சில் முடிந்துவிட்டது. அடுத்த தேர்தல் 2025 மே 6இல்தான் வந்தது. இடையில் இரண்டு வருசத்துக்கு மேல் வட்டாரத்துக்கு ஓர் உறுப்பினர் இல்லை. கந்தோருக்குப் போனால், "இது மேலிடத்துத் திட்டம் ஐயா" என்றார்கள்.

அப்புறம்தான் வாசிகசாலைக்கு வரும் ஒரு பெடியன் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தைப் பற்றிச் சொன்னான். 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டம், 2017 பெப்ரவரி 3 முதல் நடைமுறையில் இருக்கிறது. ஏன் கேட்கிறாய் என்று காரணம் சொல்லத் தேவையில்லை. எழுத முடியாதவர் வாயால் கேட்டாலும் போதும். 14 வேலை நாட்களுக்குள் தருகிறோம், இல்லை என்று அவர்கள் முடிவு சொல்ல வேண்டும். ஒழுங்கை வேலையின் மதிப்பீட்டைக் கேட்டு நாங்களும் எழுதினோம். எங்களுக்கு அந்தக் கெடு தாண்டியும் ஒன்றும் வரவில்லை. மேன்முறையீடு எழுதினோம், அதன்பிறகு மதிப்பீட்டுப் பிரதி வந்து சேர்ந்தது.

ஆறு பக்கம், முழுக்க ஆங்கிலம். தமிழும் அரசகரும மொழி என்று 1987இல் அரசியலமைப்பில் எழுதிய நாட்டில், எங்கள் ஒழுங்கையின் கணக்கை வாசித்துச் சொல்ல ரியூசன் வாத்தியாரைத் தேட வேண்டியிருந்தது. அது எனக்கு இன்னும் ஆறவில்லை.

உண்மையைச் சொல்கிறேன், களவு பிடிபடும் என்றுதான் நினைத்தோம். நாடா பிடித்து அளந்தோம். நீளம் சரி, அகலம் சரி, கனமும் சரி. ஆனால் ஆறு பக்கத்திலும் வாய்க்கால் என்று ஒரு வரி இல்லை. மழைகாலத்தில் இந்த ஒழுங்கையைப் பார்க்காத யாரோ கீறிய படம். வாத்தியார் வாசிப்பதைக் கேட்டுக்கொண்டிருந்த ஆச்சி, "தம்பி, வெள்ளம் பனங்காணிக்குள்ளாலை குளத்துக்குப் போறது எனக்குச் சின்னனிலை இருந்து தெரியும். ஆராவது கேட்டிருந்தாச் சொல்லியிருப்பன்" என்றா.

அன்று முழுக்க அதுதான் மனதில் கிடந்தது. வேலை முடிந்தபின் கடதாசி தருவதைத்தான் திறந்த அரசாங்கம் என்று நினைத்திருந்தேன். அது பாதிதான் மச்சான், தொடங்க முன்னர் சனத்தைக் கேட்பதுதான் மற்றப் பாதி. கொழும்பிலும் இதே கதைதான். திறந்த அரசாங்கத்துக்கான சர்வதேசக் கூட்டில் இலங்கை 2015இலேயே சேர்ந்துவிட்டது. ஆனால் பாராளுமன்றம் ஒரு சட்டத்தை நிறைவேற்றியபின், அது அரசியலமைப்புக்கு முரண் என்று எந்த நீதிமன்றத்திலும் வழக்காட முடியாது. சட்டமூலமாக இருக்கும்போதே, சில நாட்களுக்குள், உயர் நீதிமன்றத்துக்குப் போக வேண்டும். தோட்டத்துக்குத் தண்ணீர் மாறிவிட்டு வருகிறவன் சட்டமூலம் வந்த வர்த்தமானியை எப்போது காண்பான்? பிறேசிலில் போர்ட்டோ அலெக்ரி என்ற நகரத்தில் 1989இலிருந்து, முதலில் எந்தத் தெரு, எந்த வடிகால் என்று சனங்களே கூட்டங்களில் பேசி வரவுசெலவைத் தீர்மானித்தார்கள். ஏழைக் குடியிருப்புகள் நிறைந்த நகரம் அது. அங்கே முடிந்தது இங்கே ஏன் முடியாது?

நான் கேட்பது பெரிதல்ல. வேலை தொடங்க ஒரு மாதம் முன்னர் படத்தைத் தமிழில் வாசிகசாலைச் சுவரில் ஒட்டட்டும். தோட்ட வேலை முடிந்த பின்னேரம் கூட்டம் வைக்கட்டும். யார் என்ன சொன்னார், எதை ஏற்றோம், எதை ஏன் விட்டோம் என்று எழுதி அதே சுவரில் போடட்டும். இந்தக் கடைசிதான் முக்கியம். சொன்ன சொல் எங்கே போனது என்று தெரியாவிட்டால் சனம் இரண்டாம் கூட்டத்துக்கு வராது.

புதிய சபைக்கு எல்லோருமாகக் கையெழுத்து வைத்துக் கொடுத்தோம். போன கிழமை இரண்டு பேர் அளக்க வந்தார்கள். ஆச்சி படலையடியில் கதிரை போட்டு இருந்து, தண்ணீர் திரும்பும் இடத்தை ஊன்றுகோலால் காட்டினா. அவ காட்டிய இடத்தில்தான் சிவப்பு மையால் கோடு போட்டிருக்கிறார்கள். வாய்க்கால் இன்னும் வெட்டவில்லை, மாரிக்கு முன்னர் என்று சொல்லியிருக்கிறார்கள்.

கனடாவில் தகவல் பெறும் சட்டம் 1983இலேயே நடைமுறைக்கு வந்துவிட்டது. அங்கே உன் தெருவைக் கிண்ட முன்னர் உன்னை ஏதும் கேட்கிறார்களா? கூட்டத்துக்கு நீ போயிருக்கிறாயா? விபரமாக எழுது, வாசிகசாலையில் வாசித்துக் காட்ட வேண்டும்.

அன்புடன்,
உன் பழைய வாங்குத் தோழன்